ஊர் மன்றமும் அதன் ஏடும்: கல்முனைக் கரையோரத்து உள்ளூராட்சி வரலாற்றுக்குச் சான்று தேடல்

காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, சம்மாந்துறைக்கு இப்பால், வயல் சூழ அமைந்த சிற்றூர் மாவடிப்பள்ளி. மா, அடி, பள்ளி எனப் பிரித்தவளவிலே ஊர்ப்பெயர் தன் கதையிற் பாதியைத் தானே கூறிவிடுகின்றது. எஞ்சிய பாதியை அறிய விரும்பும் மாணவன் ஒருவன், இவ்வூரின் தெருவுக்கு மண்ணிட்ட மன்றம் யாது, அதன் எல்லை எதுவரை சென்றது, அதற்கு வாக்களித்தோர் யாவர், எந்த ஆண்டில் எந்தச் சட்டத்தால் அது தோன்றி எந்தச் சட்டத்தால் மறைந்தது என்று வினாவுவானாயின், அவனுக்குரிய விடை ஊரிலே கிடைப்பது அரிது. விடை கொழும்பிலே சுவடிகள் காப்பகத்தில் ஒரு பகுதியும், வர்த்தமானியின் பழைய இதழ்களில் ஒரு பகுதியும், மட்டக்களப்புக் கச்சேரிக் கோவைகளில் ஒரு பகுதியுமாகச் சிதறிக் கிடக்கின்றது. ஊரில் உள்ளது நினைவு ஒன்றே. நினைவு பொய்யன்று, ஆயினும் அது ஆண்டுகளைக் கலந்துவிடும் இயல்புடையது. இக்கரையோரத்திலே அக்கலப்பு எத்துணைப் பெரிய வழக்குக்கு இடமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போர்க்கு, ஏடு தேடும் வேலை வீண் வேலையன்று என்பது விளங்கும்.

இலங்கையில் உள்ளூராட்சியின் வரலாற்றை எழுதுவோர் 1865ஆம் ஆண்டு மாநகர சபைக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அது கொழும்புக்கும் கண்டிக்கும் பொருந்தும். நெல் விளையும் கீழ்க்கரைக்குப் பொருந்தாது. இங்கு மன்றம் பிறந்தது நீரினால். 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயலுக்கு நீர் பாய்ச்சுதல், அணை திருத்துதல், வேலியடைத்தல் ஆகியவற்றிலே பண்டு தொட்டு வந்த வழக்காறுகளைக் கமக்காரர் கூடித் தீர்மானித்துக் கொள்ள இடங்கொடுத்தது. மட்டக்களப்புப் பகுதியில் வட்டை விதானை என்றும், பேச்சு வழக்கில் வட்டானை என்றும் அழைக்கப்படும் வயல் தலைமையாளரை அறியாத விவசாயி இலர். கமக்காரர் ஒருங்கு கூடி ஒருவரைத் தம் வயல்வெளிக்குப் பொறுப்பாளராக ஏற்கும் அம்முறையே இப்பகுதியின் முதல் தேர்தல் எனக் கூறின் அது மிகையாகாது. வாக்குச்சீட்டு இல்லை, பெட்டியும் இல்லை. கூட்டமும் இணக்கமும் உண்டு.

அதன்பின் 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் வந்தது. வழக்கிழந்திருந்த கிராம சபைகளுக்கு அது புத்துயிரளித்தது என்று நூல்கள் புகழும். புகழ்ச்சியிற் பாதியை ஏற்கலாம். தலைமை மக்கள் கையில் இருக்கவில்லை. பெருந்தலைமைக்காரரின் கையிலேயே இருந்தது. கீழ் மாகாணத்தில் அத்தலைமைக்காரர் வன்னியனார் எனப்பட்டனர். கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என வழங்கிய பழைய பிரிவுகள் அவர்தம் அதிகாரத்தின் அளவுகோல்கள். அரசாங்கத்தின் கையாளாயிருப்பவரே மக்கள் மன்றத்துக்குந் தலைவராயிருந்தமை, மன்றத்தை வளரவிடாது தடுத்த பெருங்காரணம்.

1920ஆம் ஆண்டு உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டம் நகரங்களுக்குப் பயன் தந்தது. கிராமங்களுக்குப் பயன் தந்தவை 1924ஆம் ஆண்டுக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டமும் 1938ஆம் ஆண்டு அதற்கு வந்த திருத்தமுமே. இவ்விரண்டினுள்ளும் பின்னையதே பெரிது. அப்பொழுது உள்ளூர் நிருவாக அமைச்சராயிருந்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அத்திருத்தத்தினால் தலைமைக்காரர் மன்றத்தலைமையினின்று நீங்க, உறுப்பினர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரியும் உரிமை பெற்றனர். கீழ்க்கரையிலே போடியாரும் ஆசிரியரும் வணிகரும் ஒரே பலகையில் அமர்ந்து கிணற்றையும் சந்தையையும் மையவாடியையும் பற்றி வாதிட்ட காலம் இதன்பின் வந்ததே. நாட்டிலே கிராமங்கள் பலவற்றில் இன்றும் 'வீ. சீ. றோட்டு' என ஒரு தெரு உண்டு. அம்மன்றத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. மன்றம் மறைந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியும், அது போட்ட தெரு அதன் பெயரை விடவில்லை.

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருதல் தகும். கல்முனைப் பகுதியிலே முன்னர் நான்கு மன்றங்கள் இருந்தன. கல்முனைக்குப் பட்டின சபை. மருதமுனையை உள்ளடக்கிய கரைவாகு வடக்குக்கு ஒரு கிராமாட்சி மன்றம். நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு முதலியவற்றைக் கொண்ட கரைவாகு மேற்குக்கு ஒன்று. சாய்ந்தமருதாகிய கரைவாகு தெற்குக்கு மற்றொன்று. இந்நான்கும் '1987 வரை இயங்கின. அவ்வாண்டிலே ஒன்றாக்கப்பட்டன' என்பது மேடைகளிலும் அறிக்கைகளிலும் பன்முறை கேட்கப்படும் கூற்று. இக்கூற்றைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து ஓர் இடைவெளி தோன்றுகின்றது. 1980ஆம் ஆண்டு 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின் விளைவாக, 1981 யூலை 1ஆந் திகதி தொடக்கம் நாடெங்கணுமிருந்த 83 பட்டின சபைகளும் 549 கிராமாட்சி மன்றங்களும் ஒழிக்கப்பட்டன. அவற்றின் அதிகாரங்கள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைச் சேர்ந்தன. பழைய மன்றங்களின் கட்டடங்களும் ஊழியரும் அச்சபைகளின் உப அலுவலகங்களாய் நின்று, வரி அறவிட்டு, விளக்கேற்றி வந்தன. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 1988 சனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோதே உப அலுவலகப் பரப்புகள் இணைந்து பிரதேச சபையாயின.

ஆகவே மக்கள் தெரிந்த மன்றம் மறைந்தது 1981இல். அதன் எல்லை மறைந்தது 1988இல். ஊர் நினைவு இரண்டனையும் ஒன்றாக்கி, சட்டம் பிறந்த 1987ஐப் பற்றிக்கொண்டது. கதவு திறந்திருந்தது, எழுதுவினைஞர் இருந்தார், பெயர்ப்பலகையும் இருந்தது. தேர்தல் ஒன்றுதான் இல்லை. இடைப்பட்ட ஏழாண்டுக் குறை ஊராரின் கண்ணுக்குப் புலப்படாமற் போனமை வியப்பன்று. எனினும், எல்லை உரிமையை வேண்டுவோரும் அதனை மறுப்போரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. நான்கு எல்லைகள் இருந்தன என்பது ஒரு வாதம். நான்கு தெரிவுசெய்யப்பட்ட மன்றங்கள் இருந்தன என்பது பிறிதொரு வாதம். முன்னையதற்குச் சான்று ஓரிடத்திலும் பின்னையதற்குச் சான்று வேறோரிடத்திலும் உள.

அச்சான்றுகளுள் தலையாயது வர்த்தமானி. 1802 மார்ச்சு 15ஆந் திகதி முதன்முதல் வெளிவந்த இவ்வேடு, சபைகளின் பிறப்பையும் இறப்பையும், வட்டாரங்களின் எல்லைகளையும், தெரிவானவர் பெயர்களையும் தாங்கி வந்துள்ளது. இக்கால இதழ்களிலே உள்ளூராட்சி அறிவித்தல்கள் நான்காம் பகுதியின் 'ஆ' பிரிவில் உள்ளன; அதிவிசேட இதழ்களாக வருவனவும் பல. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே இன்ன தெரு, தெற்கே இன்ன வாய்க்கால் என எல்லை கூறும் அவ்வறிவித்தல்களைப் படிப்பது சுவையான வேலையன்று. ஆயினும் பெரியநீலாவணை தொடங்கி நிந்தவூர் வரை வீடும் வேலியுந் தொடுத்து ஒரே நீள் ஊராய்த் தோன்றும் இக்கரையிலே, ஒரு சபை எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்பதைக் கண் காட்டாது; தாளே காட்டும். சாய்ந்தமருதிலிருந்து மாளிகைக்காட்டுக்கு நடப்பவன், தான் கல்முனை மாநகர சபையை விட்டுக் காரைதீவுப் பிரதேச சபைக்குள் வந்துவிட்டதை உணரான். மறுதலையாக, மாவடிப்பள்ளி வயல்வெளியாற் காரைதீவினின்று பிரிந்து தனித்து நிற்பினும் அதே காரைதீவுச் சபையைச் சேர்ந்தது.

தேடுவோன் மனங்கொள்ள வேண்டிய தடைகள் சில உள. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்திய ஏடுகளில் அம்பாறை என்னும் தலைப்பின்கீழ் இவ்வூர்களைத் தேடுவது பயனற்றது. மட்டக்களப்பு என்னும் தலைப்பின்கீழ்த் தேடல் வேண்டும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தோ ஒரு தனித் தொல்லை. கரைவாகு என்பது ஓரிடத்திற் ககரவொலியோடும் மற்றோரிடத்தில் ஹகரவொலியோடும் எழுதப்பட்டிருக்கும். அன்றியும் சிற்றூரொன்றின் செய்தி அதன் பெயராலன்றி, அது சேர்ந்திருந்த பற்றின் பெயராலோ அண்டைப் பேரூரின் பெயராலோ பதிவாகியிருத்தல் கூடும். மாவடிப்பள்ளியைத் தேடுவோன் சம்மாந்துறைக் கோவையையும் நிந்தவூர்க் கோவையையும் புரட்டாது விடலாகாது.

கீழ் மாகாண அரசாங்க அதிபரின் ஆண்டறிக்கைகள், குடிமதிப்பு அறிக்கைகள், அரசாங்க அமர்வறிக்கைகள் ஆகியன அடுத்த படியின. 1955ஆம் ஆண்டு வெளிவந்த சொக்சி ஆணைக்குழு அறிக்கை, அந்நாளைய உள்ளூராட்சியின் பணமின்மையையும் அதிகாரக் குறைவையும் ஒருங்கே அறியத் தக்கது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூலும், வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் 1964ஆம் ஆண்டு நூலும் பின்னணி தரும். சபை வரலாற்றை அவற்றிலே எதிர்பார்த்தல் தகாது. வீரகேசரி, தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்கள் இவற்றினும் உயிர்ப்புடையன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி, மலர்களையும் ஊர் வரலாறுகளையும் வீட்டிலிருந்தே படிக்க வழிசெய்துள்ளமை நன்றியோடு குறிக்கத்தக்கது. கோயில் மலர்களும் பள்ளிவாசல் மலர்களும் பாடசாலை ஆண்டு மலர்களும் மன்றத் தலைவர்களின் பெயர்களைப் போகிற போக்கிற் கூறிச் செல்லும். அரச ஏட்டில் விடுபட்டது ஆசியுரையொன்றின் அடியிலே கையொப்பமாய்க் கிடப்பதுண்டு.

தமிழர்க்கு இத்துறையிலே பெருமை தரும் சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டு என்பதை யாவரும் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை இரண்டும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடும்பு முப்பது, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வரிசெலுத்தும் கால்வேலி நிலமும் தன் மனையில் அகமும் உடைமை, வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கு. அது அந்தணர் சபையே. எல்லாரும் வாக்களித்த மன்றமன்று. அதனைக் குடியாட்சியின் முழுவடிவமெனக் கொண்டாடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். இங்கு அதனைக் கூறுவது வேறொரு காரணம்பற்றி. 919இல் வகுத்த விதி போதாமையால் இரண்டாண்டிலே திருத்தம் வந்தது. திருத்தம் வந்தபோது முன்னை விதியைச் செதுக்கி அழித்தாரில்லை. இரண்டும் ஊர் நடுவே கோயிற் சுவரில் நின்றன. விதி எங்கே உள்ளது என்று அவ்வூர்ச் சிறுவனைக் கேட்டாற் கைநீட்டிக் காட்டியிருப்பான். கரைவாகு தெற்கின் எல்லை எங்கே எழுதப்பட்டுள்ளது என்று கேட்டால் இன்று கைநீட்டிக் காட்டவல்லார் மிகச் சிலரே.

தேர்தல் முடிவுகளைத் தேடுவதற்கு, எந்த முறையில் தேர்தல் நிகழ்ந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1946ஆம் ஆண்டு 53ஆம் இலக்க உள்ளூரதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம் வட்டார முறையைக் கொண்டது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். அவர் முகம் ஊரறிந்தது. ஆதலால் அக்காலப் பதிவுகளில் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் ஒருங்கே காணலாம். 1977ஆம் ஆண்டுத் திருத்தம் வட்டாரத்தை நீக்கி விகிதாசாரப் பட்டியலைப் புகுத்தியது. 1979இல் மாநகர, நகர சபைத் தேர்தல்களில் அது முதன்முதற் கையாளப்பட்டது. பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் 1991இல் நடந்தபோது போர் காரணமாக வடகிழக்கு விடுபட்டது. கிழக்கு மாகாணத்தில் 1994 மார்ச்சு 1ஆந் திகதியே அது நிகழ்ந்தது. 1981இல் மன்றம் இழந்த ஊர்கள் மீண்டும் மன்றம் காணப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்துக்கு இவ்வூர்களில் தேர்தல் முடிவு தேடுவோன், தேடாமலே விட்டுவிடலாம்.

பட்டியல் முறையிலே கட்சியின் எண் கிடைக்கும். ஊரின் குரல் கிடைக்காது. இரண்டே கிராம சேவகர் பிரிவுகளைக் கொண்ட மாவடிப்பள்ளி போன்ற சிற்றூருக்கு அம்முறையில் தன் உறுப்பினர் இவரெனச் சுட்ட இயலாமை ஒரு குறையே. வட்டாரமும் பட்டியலும் கலந்த புதிய முறை 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுச் சட்டங்களால் உருப்பெற்றது. உறுப்பினருள் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரத்தினின்றும் நாற்பதின்மர் பட்டியலினின்றும் வருவர். நூற்றுக்கு இருபத்தைவர் பெண்களாயிருத்தல் வேண்டும். புதிய வட்டார எல்லைகள் 2017 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியாயின. 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த தேர்தலே இம்முறையின் முதற் சோதனை. அதன்பின் ஆய்வாளன் மீண்டும் வட்டாரத்தை அலகாகக் கொள்ளக்கூடியவனாயினான். 1955 ஒக்டோபரில் நிறுவப்பட்ட தேர்தல் திணைக்களத்தின் வழிவந்த தேர்தல் ஆணைக்குழுவின் வெளியீடுகளில் இம்முடிவுகள் உள. வாக்காளர் இடாப்போ கிராம சேவகர் பிரிவு வாரியாகத் தொகுக்கப்படுவது. இடாப்பையும் வட்டார எல்லையையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே எண்கள் பேசும்.

இவ்வளவும் ஏட்டுப் புழுவின் ஆராய்ச்சியென்று எண்ணுவார்க்குக் கல்முனை விடையளிக்கும். கல்முனை 2001இல் மாநகர சபையாயிற்று. தமக்கெனப் பழைய எல்லையில் ஒரு சபை வேண்டுமெனச் சாய்ந்தமருது மக்கள் கேட்டு வந்தனர்; 2017 இறுதியில் ஊர் முழுதுங் கடையடைத்தது. கல்முனையைச் சேர்ந்தோரோ, பிரிப்பதாயின் ஒன்றை மட்டும் பிரித்தல் நீதியன்று, பழையபடி நான்காகவே பிரித்தல் வேண்டும் என்றனர். தமிழர் தரப்பு வடக்குப் பிரதேச செயலகத்தின் தரமுயர்வையும் எல்லையையும் முன்வைத்தது. மூவரும் காட்டியவை பழைய எல்லைகளே. எந்தப் பழமை என்பதிலேதான் மாறுபாடு. 2018 தேர்தலிற் பள்ளிவாசலின் ஆதரவோடு நின்ற சுயேச்சைக் குழு சாய்ந்தமருது வட்டாரங்களை வென்றது. 2020 பெப்ரவரியிலே சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை அமைத்து வர்த்தமானி வெளிவந்தது; சில நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. ஒரு தாளால் ஊர் மகிழ்ந்து, மறு தாளால் ஊர் வாடிய அக்கிழமையை நினைப்போர் வர்த்தமானியைச் சுவையற்ற ஏடு எனக் கூறத் துணியார்.

அதனிடையே நாடு முழுவதற்கும் வேறொரு வெறுமை நேர்ந்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்பின் பின், 2023 மார்ச்சு 19ஆந் திகதி முடிந்தது. அம்மாதம் 9ஆந் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல் பணமின்மையைக் காரணங்காட்டி நடத்தப்படவில்லை. அவ்வாறு நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஓகஸ்ட் 22ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்தது. சபைகள் ஈராண்டுக்கு மேல் உறுப்பினரின்றிச் செயலாளராலும் ஆணையாளராலும் நடத்தப்பட்டன. அவ்வெறுமையின் நடுவே, 2024 நவம்பர் 26ஆந் திகதி, மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த தெருவைக் கடக்கச் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு மத்ரசா மாணவர் சிலர் மாண்டனர். பெருந்தெரு பிரதேச சபையின் பொறுப்பிலுள்ளதன்று. சபை இருந்திருப்பின் அத்துயர் நேராதெனக் கூறுதல் நேர்மையுமன்று. ஆயினும் தெரு யாருடையது, வாய்க்கால் யாருடையது, எச்சரிக்கை செய்ய வேண்டியவர் யாவர் என்று அன்று ஊர் கேட்டபோது, அவ்வினாவைச் சபையில் எழுப்புதற்குத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை என்பது ஏட்டில் உள்ள உண்மை.

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் வாயிலாகச் சபையொன்றின் கூட்டக் குறிப்பையோ வரவு செலவுக் கணக்கையோ எந்தக் குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். தகவல் தரப்படுமா என்னும் முடிவை அலுவலர் பதினான்கு வேலை நாளினுள் கூறுதல் வேண்டும். உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். இங்கு கணக்கைக் கேட்கும் உரிமை குடிகளுக்கு எழுத்திலே தரப்பட்டுள்ளது. பழைய கிராமாட்சி மன்றங்களின் கூட்டப் புத்தகங்கள் வழிவழியாக எந்த அலுவலகத்தின் அலமாரியைச் சேர்ந்தன என்பதை அறிதற்கும் இச்சட்டமே ஏற்ற கருவி. உயர் வகுப்பு மாணவர் ஒருவர் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இவ்வழியே முயல்வாராயின், இதுவரை எவரும் எழுதாத பக்கம் ஒன்று எழுதப்படும்.

2025 மே 6ஆந் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. காரைதீவுப் பிரதேச சபை அவற்றுள் ஒன்று; மாவடிப்பள்ளியாரும் மாளிகைக்காட்டாரும் வாக்களித்தனர். வழக்கு முடிவுறாமையாற் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் இல்லை. மாளிகைக்காட்டில் அன்று காலை வாக்குச்சாவடிக்கு வரிசை நின்றது; எல்லைத் தெருவுக்கு அப்பாலுள்ள சாய்ந்தமருதில் நிற்க வரிசை இல்லை.